ஊர்க் கடலை ஊரே காப்பது எப்படி: சிறு மீனவ ஊர்களுக்கான முழுமையான வழிகாட்டி

எங்கள் கரையில் கடலுக்குப் போய் வந்தவரைக் கண்டால் முதல் கேள்வி "இன்னைக்குப் பாடு எப்படி?" என்பதுதான். பாடு என்றால் கிடைத்த மீன். வடக்கே பழவேற்காட்டில் அதே சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்று ஊர் வகுத்த முறைக்கும் பாடு என்றே பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில், சுத்து வலையில் இறால் பிடிக்கும் இடங்களைத் தலைக்கட்டுகள் (குடும்பத் தலைவர்கள்) முறைபோட்டுப் பகிர்ந்துகொள்கின்றன. நல்ல இடம் இன்று உனக்கு, நாளை எனக்கு. மீனுக்கும் முறைக்கும் ஒரே சொல் அமைந்தது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

மீன் குறைகிறது என்று எல்லா ஊரிலும் பேசுகிறோம். விசைப்படகு, இழுவைமடி, சுருக்குமடி என்று காரணமும் சொல்கிறோம். அவை உண்மையான காரணங்கள்தான். ஆனால் நம் கையெட்டும் தூரத்தில், நம் வலை மட்டுமே விழும் நீரில் நாம் என்ன செய்கிறோம் என்ற கேள்வி தனியாக இருக்கிறது. அந்தக் கேள்வியோடு ஊர்க்கூட்டத்தில் எழுந்து நிற்கத் துணிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐம்பது முதல் இருநூறு நாட்டுப்படகு வரை உள்ள ஊரை மனதில் வைத்திருக்கிறேன்.

முதல் படி: ஒரே ஒரு உயிரினத்தைத் தேர்ந்தெடுங்கள்

"மீன்வளத்தைக் காப்போம்" என்று கூட்டம் போட்டால் டீ குடித்துவிட்டுக் கலைந்துபோவார்கள். "நீலக்கால் நண்டைப் பற்றிப் பேசுவோம்" என்று கூப்பிட்டால் உட்கார்ந்து பேசுவார்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? உங்கள் நீரிலேயே வளர்ந்து, அதிக தூரம் போகாமல் இருப்பதை. மட்டி, சங்கு, கணவாய், களி நண்டு, நீலக்கால் நண்டு, சிங்கி இறால், முகத்துவாரத்து இறால் எல்லாம் இதற்குப் பொருந்தும். மத்தியும் சூரையும் பொருந்தாது. இன்று உங்கள் ஊருக்கு முன்னால் நிற்கும் மத்திக் கூட்டம் நாளை நான்கு ஊர் தாண்டிப் போய்விடும். நீங்கள் விட்டுவைத்ததை வேறொருவர் அள்ளிக்கொண்டால், அடுத்த கூட்டத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள். ஓடும் மீனுக்குப் பல ஊர் சேர வேண்டும், அரசும் வர வேண்டும். கேரளம் 2015 முதல் சில மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்து, மத்திக்கு 10 செ.மீ., அயலைக்கு 14 செ.மீ. என்று விதி போட்டது அந்த வகை. அதை ஒரு ஊர் தனியாகச் செய்ய முடியாது.

இன்னொரு சோதனை: நீங்கள் கட்டுப்பாடு வைத்தால் பலன் எவ்வளவு காலத்தில் கண்ணுக்குத் தெரியும்? நீலக்கால் நண்டு ஓராண்டுக்குள்ளேயே வளர்ந்து சினைப்பிடிக்கும். இந்த ஆண்டு விட்டுவைத்தது அடுத்த ஆண்டு வலையில் தெரிய வாய்ப்புண்டு. முதல் முயற்சிக்கு வேகமாக வளரும் உயிரினம்தான் நல்லது. கீழே பெரும்பாலும் நண்டையே உதாரணமாகச் சொல்கிறேன்.

இரண்டாம் படி: யாருடைய நீர், யார் யார் உள்ளே

இதைத் தவறவிட்டால் மற்ற எல்லாம் வீண். இரண்டு கரைகளின் கதையைச் சொல்கிறேன்.

துருக்கியில் அலான்யா என்ற கடலோர ஊர். சுமார் நூறு மீனவர்கள், இரண்டு மூன்று பேர் போகும் சிறு படகுகள். 1970களின் தொடக்கத்தில் நல்ல இடத்துக்காக அங்கே அடிதடி. சலித்துப்போய் அவர்களே ஒரு முறை கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் உரிமம் உள்ள மீனவர்களின் பட்டியல் எழுதப்படும். வலை போடும் இடங்கள் எல்லாம் பெயரோடு பட்டியலாகும். ஒருவர் வலை அடுத்தவர் வலைக்குப் போகும் மீனை மறிக்காதபடி இடைவெளி விட்டே இடங்கள் குறிக்கப்படும். பிறகு சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு இடம். செப்டம்பர் முதல் ஜனவரி வரை தினமும் எல்லாரும் கிழக்கே ஓரிடம் நகர்வார்கள். ஜனவரிக்குப் பிறகு மேற்கே நகர்வார்கள். மீன் வலசை போகும் திசையை ஒட்டி அமைத்த முறை இது. காவல் என்று தனியாக ஆள் வைக்கத் தேவையே இல்லை. நல்ல இடம் கிடைத்த நாளில் எவனாவது முந்திக்கொண்டு வந்து நின்றால், இடத்துக்கு உரியவன் விட்டுவிடுவானா?

இரண்டாவது, இலங்கையின் தெற்கே மாவெல்ல. கரைவலை இழுக்கும் ஊர். அங்கேயும் முறை இருந்தது, நியாயமான முறைதான். ஆனால் எத்தனை வலை என்ற எல்லை நிற்கவில்லை. புது வலைகளை நிறுத்த விதி இருந்தும் அது அமலுக்கு வரவில்லை. பங்கு வேண்டியவர் எல்லாம் வலை சேர்த்துக்கொண்டே போனார்கள். 1971 வாக்கில் 99 வலைகள். தன் முறை வருவதற்கு மாதக்கணக்கில் காத்திருந்து ஒரு வலையை இழுத்தால் செலவுக்குக் கட்டுமா? இந்த இரண்டு ஊர்களையும் தன் நூலில் ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளாதார நோபல் கிடைத்தது. பொதுச் சொத்தை மக்களே காக்க முடியும் என்றுதான் அவர் வாதாடினார். ஆனால் மாவெல்லவை மறைக்காமல் எழுதினார். அதனால்தான் அவரை நம்புகிறேன்.

ஆகவே முதலில் எண்ணிக்கை, பிறகு முறை. நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள். நீரின் எல்லை எது: கோயில் கோபுரமும் பனைமரமும் நேர்கோட்டில் வரும் இடம், ஆற்றுமுகம், பார் (கடலடிப் பாறைத்திட்டு) என்று கணியம், அதாவது இட அடையாளம், வைத்து எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது. நண்டு வலை விடும் படகுகள் எத்தனை. ஒரு படகு எத்தனை வலை விடலாம்.

பட்டியல் எழுதும்போது யார் விடுபடுகிறார்கள் என்று பாருங்கள். இங்கே நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். பழவேற்காட்டின் பாடு முறை ஒரு சாதியின் தலைக்கட்டுகளை வைத்து எழுந்தது. மணமான ஆணே தலைக்கட்டு. அதே ஏரியை நம்பி வாழும் பிற சாதியினர், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள், பெண்கள் ஆகியோருக்கு அதில் இடமில்லை. அதனால் வந்த சச்சரவுகளும் ஏரியின் வரலாற்றில் உண்டு. நூற்றாண்டு கண்ட முறை என்பதற்காக அந்தக் குறையையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டியதில்லை. உங்கள் ஊரில் கரையோரம் மட்டி பொறுக்கும் பெண்களை, தூண்டிலோடு தனியாகப் போகும் கிழவரை, காலனியிலிருந்து வந்து நண்டு பிடிப்பவரை முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள். நான்காவது கூட்டத்தில் கூப்பிட்டால் அது அழைப்பு ஆகாது, அறிவிப்பு ஆகிவிடும்.

மூன்றாம் படி: ஓராண்டுக் கணக்கு

பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நீள நோட்டு ஒன்று போதும். கணக்கு எடுக்கும் பொறுப்பை, கரையில் வலையிலிருந்து நண்டு கழிக்கும் பெண்களிடமே கொடுங்கள். ஒவ்வொரு நண்டும் அவர்கள் விரல்களைத் தாண்டித்தான் கூடைக்குப் போகிறது.

எழுத வேண்டியவை: தேதி, காற்று (வாடையா, கச்சானா, கொண்டலா), விட்ட வலைகள் எத்தனை, எத்தனை இரவு கிடந்தது, எத்தனை கிலோ. மொத்தக் கிலோவை மட்டும் எழுதினால் கணக்கு ஏமாற்றும். உதாரணத்துக்கு, போன ஆண்டு 10 வலையில் 8 கிலோ கிடைத்தது, இந்த ஆண்டு 20 வலையில் 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். "பாடு கூடியிருக்கு" என்று தோன்றும். வலைக்கு 800 கிராமாக இருந்தது 500 கிராமாகிவிட்டது என்பதே உண்மை. நண்டு குறைந்திருக்கிறது, நாம் வலையைக் கூட்டி அதை மறைத்திருக்கிறோம். இந்த ஒரு வகுத்தலை ஊர்க்கூட்டத்தில் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் ஏற்படும் அமைதியைப் பார்க்க வேண்டும்.

வாரம் ஒரு நாள், கண்ணை மூடிக்கொண்டு எடுத்ததுபோல் பெரிது சிறிது பாராமல் 50 நண்டை எடுத்து அளக்கவும். ஓட்டின் இரு பக்கமும் நீண்டிருக்கும் முள்ளின் நுனிக்கு நுனி அளவு. எல்லாரும் ஒரே மாதிரி அளக்க வேண்டும், அதுதான் முக்கியம். கூடவே, அந்த ஐம்பதில் சினை நண்டு எத்தனை என்றும் எழுதவும்.

சினை நண்டைத் திருப்பிப் பாருங்கள். வயிற்று மடலுக்கு வெளியே பஞ்சு வைத்ததுபோல் முட்டைக் கொத்து ஒட்டியிருக்கும். மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருந்தால் முட்டை இட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. பழுப்பேறி, கரும்சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டால் குஞ்சு பொரிக்கும் நேரம். முட்டைக்குள் இருக்கும் குஞ்சுகளின் கண்தான் அந்தக் கருமை. ஒரு நண்டில் பல லட்சம் முட்டைகள். நிறத்தையும் நோட்டில் எழுதினால், உங்கள் நீரில் எந்த மாதங்களில் நண்டு பொரிக்கிறது என்பது ஓராண்டில் தெரிந்துவிடும். எந்த ஆய்வாளரின் புத்தகத்திலும் உங்கள் ஊர் மாதங்கள் எழுதியிருக்காது.

நான்காம் படி: விதி

விதி எத்தனை குறைவோ அத்தனை நல்லது. இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஒவ்வொன்றும் கரையில் நின்று பார்த்த மாத்திரத்தில் மீறலா இல்லையா என்று தெரிய வேண்டும். "ஆளுக்கு இவ்வளவு கிலோதான்" என்ற விதி காகிதத்தில் அழகாக இருக்கும். யார் வீட்டுக் கூடையை யார் நிறுப்பது?

நண்டுக்குப் பலரும் முதலில் சொல்லும் விதி, "சின்ன நண்டைத் திரும்பக் கடலில் விடு" என்பது. நல்ல மனசில் சொல்வதுதான். ஆனால் செவுள்வலையில் இரவெல்லாம் சிக்கிக் கிடந்த நண்டைக் கழிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நைலான் இழை கால் இடுக்கில் நான்கு சுற்றுச் சுற்றியிருக்கும். கழிக்கக் கழிக்கக் கால் ஒன்றொன்றாக உதிரும். கரைக்கு வந்து, வெயிலில் முறை வந்து கழித்து முடிப்பதற்குள் பாதி செத்திருக்கும். அதைக் கடலில் விட்டு என்ன பயன்? விதி நண்டு சாவதற்கு முன்னால் வேலை செய்ய வேண்டும். அப்படியென்றால் கண்ணி, அதாவது வலைக்கண், அளவில்தான் கை வைக்க வேண்டும். சின்ன நண்டு சிக்காத அளவுக்குக் கண்ணி பெரிதாக இருக்கட்டும். எந்த அளவு என்பதை உங்கள் நோட்டே சொல்லும். ஊரில் ஏற்கெனவே இரண்டு மூன்று கண்ணி அளவில் வலை இருக்கும், எதில் சின்னது குறைவாக விழுகிறது என்று ஒப்பிட்டால் போதும். கண்ணியை அளக்க, நனைந்த வலையில் பத்துக் கண்ணியை வரிசையாக இழுத்துப் பிடித்து, முடிச்சிலிருந்து முடிச்சுவரை அளந்து பத்தால் வகுக்கவும். ஒரே ஒரு கண்ணியை அளந்தால் சண்டைதான் வரும்.

பழைய வலையை உடனே எரிக்கச் சொல்லாதீர்கள். வலை கடனில் வாங்கியது. "இனி வாங்குவது இந்தக் கண்ணி, பழையது கிழியும்வரை ஓடட்டும், கடைசித் தேதி இது" என்று சொன்னால் ஒத்துக்கொள்வார்கள்.

சினை நண்டுக்கு இரண்டு வழி. உயிரோடு, முட்டைக் கொத்தோடு இருந்தால் கடலிலேயே விட்டுவிடுவது ஒன்று. முட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டு விற்கும் வேலை நடக்கும், வயிற்று மடலில் தடம் பார்த்தால் தெரியும். தாய்லாந்தின் கடலோர ஊர்களில் இன்னொரு வழி உண்டு, நண்டு வங்கி என்கிறார்கள். கறுத்த முட்டையுள்ள நண்டுகளைத் தொட்டியில் கடல்நீரும் காற்றும் கொடுத்து வைத்து, குஞ்சு பொரித்ததும் அந்தக் குஞ்சுகளைக் கடலில் விட்டுவிட்டு, தாயை விற்றுக்கொள்வது. மீனவருக்குக் காசும் போகாது. தொட்டியும் மின்சாரமும் பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கும் ஊருக்கு இது ஏற்றது.

காலத் தடை வைப்பதென்றால் கொல்லத்து அஷ்டமுடிக் காயலைப் பாருங்கள். 1980களில் வெளிநாட்டு ஏற்றுமதிக்காக மட்டி எடுப்பு பெருகி, 1991இல் ஆண்டுக்கு 10,000 டன் வரை போனது. இரண்டே ஆண்டில், 1993இல், பாதியாக விழுந்தது. பதறிப்போன மட்டி எடுப்பவர்களும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து விதி வைத்தார்கள். முட்டையிடும் காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுப்பதில்லை. வலைக்கண் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஏற்றுமதிக்கும் அளவு கட்டுப்பாடு. வளம் அழியாமல் மீன்பிடிப்பவர்களுக்குத் தரப்படும், உலகளவில் மதிக்கப்படும் எம்.எஸ்.சி. சான்றிதழ் 2014இல் கிடைத்தது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் மீன்பிடிப்பு அதுதான்.

பாம்பன் சின்னப்பாலத்துப் பாசிப் பெண்களின் விதி எனக்கு இன்னும் நெருக்கமானது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்துப் பாசி எடுப்பவர்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சுப் பிடித்து முங்குவார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, இரும்புக் கருவி கொண்டு சுரண்டுவதில்லை, மீன்பிடித் தடைக்காலத்தில் பாசி எடுப்பதும் இல்லை என்று தங்களுக்குள் முடிவு செய்தார்கள். கையால் பிய்த்தால் அடி நிற்கும், மறுபடி துளிர்க்கும். அந்தப் பெண்களுக்குத் தலைமை தாங்கிய லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீக்காலஜி விருது கிடைத்தது. இத்தனைக்கும் தேசியப் பூங்கா என்ற பெயரில் அந்த நீரிலிருந்து அவர்களைத் துரத்தத்தான் பார்த்தார்கள்.

ஐந்தாம் படி: வியாபாரியை உட்கார வையுங்கள்

ஊர் விதி உடையும் இடம் கடல் அல்ல, ஏலக்கூடம். கம்பெனி ஏஜெண்டு சின்ன நண்டையும் எடுத்துக்கொள்கிறார் என்றால் உங்கள் விதிக்கு ஆயுள் ஒரு மாதம். அதிலும் முன்பணம் வாங்கிய மீனவர் வேறு யாரிடமும் விற்க முடியாது, விலையும் ஏஜெண்டு சொல்வதுதான். எல்லா ஏஜெண்டுகளையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் கூப்பிட்டு, "இந்த அளவுக்குக் கீழே இந்தக் கரையில் யாரும் எடுக்கக் கூடாது" என்று எழுதி வாங்குங்கள். ஒருவர் மட்டும் ஒத்துக்கொண்டால் அவருக்குத்தான் நஷ்டம்.

இதற்கு ஒரு சின்னக் கருவி உதவும். ஒட்டுப்பலகையில் ஊர் முடிவு செய்த அளவுக்கு ஒரு வெட்டு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். நண்டு வெட்டுக்குள் போய்விட்டால் சின்னது, தட்டி நின்றால் சரி. எடைபோடும் இடத்தில் ஆணியில் ஒரு பலகை தொங்கட்டும், படகுக்கு ஒன்று கொடுங்கள். எங்கள் பக்கம் ஒரு தாத்தா, "இதுல என்னடா இருக்கு, எனக்குக் கைவிரலே போதும்" என்றார். அவர் கைக்கும் பலகைக்கும் மயிரிழைதான் வித்தியாசம் இருந்தது. ஆனால் வழக்கு வந்தால் தாத்தாவின் விரலைப் பஞ்சாயத்தில் வைக்க முடியாதே!

ஆறாம் படி: மீறினால்

முதல் தடவை பேசி அனுப்புங்கள். இரண்டாம் தடவை சின்னதாக ஒரு அபராதம். மூன்றாம் தடவை சில நாள் வலை விடும் முறையை இழக்கட்டும். முதல் மீறலுக்கே பெரிய தண்டனை வைத்தால் யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள், எல்லாரும் மாமன் மச்சான்கள்தானே. அபராதப் பணம் எங்கே போகிறது என்பதை மாதாமாதம் வாசியுங்கள்.

ஊர்விலக்கு வேண்டவே வேண்டாம். ஒருவன் செய்த தப்புக்கு அவன் வீட்டுப் பிள்ளைக்குக் கடையில் சாமான் கொடுக்காமல் இருப்பது எந்தக் கடலையும் காக்காது. வழக்கானால் பஞ்சாயத்தார்தான் கோர்ட்டில் நிற்க வேண்டியிருக்கும்.

பெரிய வீட்டுப் பையன் மீறும் நாள் ஒன்று வரும். விதி நிற்குமா விழுமா என்பது அன்று தெரிந்துவிடும்.

ஏழாம் படி: சட்டத்தோடு சேர்த்துக் கட்டுங்கள்

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983இலிருந்து இருக்கிறது. கரையோரக் கடலை அது நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்குகிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. உங்கள் ஊர் விதி இவற்றுக்கு முரணாக இருக்கக் கூடாது. மீன்வளத் துறை அலுவலகத்தில் ஊர்த் தீர்மானத்தின் நகலைக் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள். அலான்யாவில்கூடப் பட்டியலை நகரத் தலைவரிடமும் காவல் அலுவலரிடமும் கொடுத்துவிடுவார்கள். நம் எல்லைக்குள் வெளியூர் விசைப்படகு வந்து வலையை அறுத்துப்போனால், ஓராண்டாக ஊர் காத்து வந்த நீர் இது என்பதற்கு அந்த நகலும் நோட்டும் சாட்சி. படகை எரிப்பதைவிட அது வலிமையானது.

உலக உணவு வேளாண் நிறுவனம் 2014இல் சிறுதொழில் மீனவர்களுக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றது. வளத்தை நிர்வகிப்பதில் மீனவ ஊர்களுக்குப் பங்கு உண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. அது சந்திரிகா சர்மாவின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. சென்னையிலிருந்து மீன்தொழிலாளர்களுக்காக உழைத்தவர், அதே ஆண்டு மார்ச்சில் எம்.ஹெச். 370 விமானத்தோடு காணாமல் போனார். அதிகாரியிடம் பேசும்போது அந்த ஆவணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: ஆண்டுக்கு ஒரு முறை பிரித்துப் பாருங்கள்

கடல் மாறும். பழவேற்காட்டில் முகத்துவாரம் மண்மூடிப் போனால் எத்தனை நேர்மையான பாடு முறையும் இறாலைக் கொண்டுவராது. வண்டலை அகற்றத்தான் வேண்டும். மழை பொய்த்தால், ஆற்று நீர் கெட்டால், ஊர் விதியால் மட்டும் ஈடுகட்ட முடியாது. அதனால் ஆண்டுக்கணக்கைப் படிக்கும்போது மூன்று எண்ணைப் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள்: வலைக்கு எத்தனை கிராம், ஐம்பதில் சின்னது எத்தனை, சினை எத்தனை. சின்னது குறைந்து வலைக்கு எடை கூடியிருந்தால் விதி வேலை செய்கிறது. இரண்டும் மாறவில்லை என்றால் இன்னும் ஓராண்டு பொறுங்கள். ஒரே பருவத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மூன்றுமே விழுந்தால் விதியை மாற்றுங்கள், அல்லது மேலே ஆற்றில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆளனுப்புங்கள்.

கூட்டத்தில் நோட்டை வாசிக்க வேண்டியவர் தலைவர் அல்ல, ஆண்டு முழுக்கக் கணக்கெழுதிய பெண். முதல் முறை குரல் நடுங்கும். "வலைக்கு ஐந்நூற்றுப் பத்து, போன வருசம் நானூற்று முப்பது" என்று அவர் வாசிக்கும்போது யாராவது "திருப்பிச் சொல்லும்மா" என்பார்கள்.

அந்தச் செய்தி பக்கத்து ஊருக்குப் போக ஒரு வாரம்கூட ஆகாது. நண்டுக்கு எல்லை தெரியாது, அவர்கள் நீரும் நம் நீரும் ஒன்றுதான். கேட்டு வந்தால் நோட்டைக் காட்டுங்கள், எங்கெங்கே சறுக்கினோம் என்றும் சொல்லுங்கள். போகும்போது ஆணியில் தொங்கும் பலகையைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுங்கள். நமக்கு இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம்.